பதினொரு கன்றுகளும் ஒரு நாயும்

கலிஃபோர்னியாவில் பேரீச்சையை முதலில் ஊன்றியவர்கள் ஸ்பானியப் பாதிரியார்கள். 18-ஆம் நூற்றாண்டில் கடலோரம் தேவாலயம் கட்டிய கையோடு கொட்டையையும் போட்டார்கள். மரம் வந்தது, பழம் உருப்படவில்லை. தலைக்கு நெருப்பும் காலுக்குத் தண்ணீரும் கேட்கிற மரத்தை மூடுபனியில் நட்டால் அது வேறென்ன செய்யும்? போதாக்குறைக்கு, கொட்டையில் முளைத்தால் ஏறக்குறைய பாதி ஆண் மரம். 50 பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். மற்ற ஆண்கள் தண்ணீருக்குத் தண்டம்.

அமெரிக்க வேளாண் துறை விவரமான துறை. கொட்டையை நம்பாமல், தாய் மரத்தின் அடியில் கிளைத்து அதன் குணத்தையே கொண்டுவரும் பக்கக்கன்றுகளாகவே 1890-ல் எகிப்திலிருந்து வரவழைத்தது. அனுப்பியவர்கள் அதைவிட விவரம். வளர்த்துப் பார்த்தால் பல ஆண் மரங்கள், மிச்சத்தில் பல ஊர் பேர் தெரியாதவை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் சித்தப்பாக்களை வரிசையாக உட்காரவைத்த மாதிரி.

பிறகுதான் வால்டர் ஸ்விங்கிள் என்ற தாவரவியலாளரை நேரில் அனுப்பினார்கள். 1900-ல் அவர் அல்ஜீரியாவிலிருந்து டெக்லெட் நூர் என்ற பேரீச்சை ரகத்தைக் கொண்டுவந்தார். கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கு வெயில் அதற்குப் பிடித்துப்போனது. உடனே ஊருக்கே அரபு மோகம். வால்டர்ஸ் என்ற ஊர் மெக்கா ஆயிற்று. அதே பள்ளத்தாக்கிலுள்ள இண்டியோவின் பேரீச்சைத் திருவிழாவில் ஒட்டகப் பந்தயம் வைத்தார்கள். கூடவே நெருப்புக்கோழிப் பந்தயமும். அது எந்த அரேபியக் கதையில் வருகிறதோ, அவர்களுக்கே வெளிச்சம்.

1927-ல் ஸ்விங்கிள் மொரோக்கோவில் இருந்தார். அங்கே பயூத் என்ற பூஞ்சை நோய் தோப்பு தோப்பாக மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. பூ டெனிப் சோலையில் மெஜூல் என்ற ரகத்தில் நல்ல மரம் கண்டு 11 கன்றுகள் வாங்கினார். அமெரிக்கா வந்ததும் அவற்றுக்குச் சிறைவாசம். கன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பயூத் உள்ளே ஒளிந்திருந்தால் கோச்செல்லாவுக்கே சங்கு. ஆகவே பேரீச்சை வாடையே இல்லாத தெற்கு நெவாடாவில் நட்டு, பூர்வகுடி விவசாயி ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். பூஞ்சை வருகிறதா என்று அரசாங்கம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தது. வந்தது நாய். இரண்டு கன்றுகளைத் தோண்டிப் போட்டுவிட்டதாம். நாய்க்குத் தடை போடும் விதி எதுவும் அந்தக் கோப்பில் இருந்திருக்காது.

மிச்சம் 9. அவை குட்டிபோட்டுப் பெருகி, 1930-களின் நடுவில் விடுதலையாகி இண்டியோவின் அரசுத் தோட்டத்துக்கு வந்தன. 1944-ல் விவசாயிகள் கைக்குக் கன்றுகள் போயின. பின்னாளில் இஸ்ரேல்காரர்கள் மெஜூல் கன்று தேடியபோது மொரோக்கோ பக்கம் போகவில்லை. கலிஃபோர்னியாவில்தான் வாங்கினார்கள்.