ஆண்டாளும் அரை ஆம்பியரும்

மார்கழி இரண்டாம் நாள், விடியற்காலை ஐந்தேகால் மணி. நவி மும்பை வாஷியின் மினி சீ ஷோரில் வாக்கிங் வந்த ஒருவர் எங்கள் பஜனை கோஷ்டியை நிறுத்தினார். நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த பெட்டியைக் காட்டி, "டாக்டர் எத்தனை மணிக்கு உட்காருவார்?" என்று இந்தியில் விசாரித்தார்.

பெட்டியில் இருந்தது ஆண்டாள். ஆனாலும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று எரிகிற சதுரப் பெட்டி என்றால் இந்த ஊரில் அது கிளினிக், இல்லாவிட்டால் கெமிஸ்ட், அதுவும் இல்லாவிட்டால் ஃப்ளாட் விற்கிற பில்டர்.

வினையை நான்தான் வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். எங்கள் கோஷ்டி வருஷா வருஷம் மார்கழியில் ஆண்டாள் படத்தோடு செக்டார் செக்டாராகப் பாடிக்கொண்டு போகும். முன்னால் ஒரு மாமி விளக்கு ஏந்தி வருவார். கிரீக் பக்கம் திரும்பினால் காற்று அடித்து விளக்கு அணையும், அப்புறம் இருட்டில் படச்சட்டத்தின் கண்ணாடி மட்டும் பளபளக்கும். போன கார்த்திகையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ரிட்டயர் ஆனவன் அந்த மாதிரி நேரத்தில் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். நானோ, "பின்னாலேர்ந்து லைட் வந்தா போறுமே, ஒரு மத்தியானம் வேலை" என்றேன்.

அந்த மத்தியானம் மூன்று வாரம் நீடித்தது.

முதலில் ஒரு செருப்பு அட்டைப்பெட்டி, அதன் அடியில் வரிசையாக எல்.இ.டி. ஸ்ட்ரிப், மேலே சாதாரண போட்டோ. சுவிட்சைப் போட்டேன். போட்டோ தாளின் பின்புறம் வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது. தப்பி வந்தது வரி வரியாக விழுந்தது. ஆண்டாள் கம்பிக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. "யார் ஜாமீன்ல எடுக்கறது?" என்றாள் என் மனைவி.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. வெளிச்சம் உண்டாக்குவது பெரிய காரியமில்லை, அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மறைப்பதுதான் காரியம். எல்.இ.டி. பொட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ, அதைவிட அதிக ஆழம் பெட்டிக்கு வேண்டும். ஆழம் குறைந்தால் பொட்டு பொட்டாகத் தெரியும். உள்பக்கம் முழுக்க வெள்ளை அடிக்க வேண்டும். முன்னால் பால் வெள்ளை அக்ரிலிக் வைத்து, அதன்மேல் பேக்லிட் ஃபிலிமில் அடித்த படத்தை ஒட்ட வேண்டும். என் இரண்டு அங்குலச் செருப்புப் பெட்டி நான்கு அங்குலப் பிளைவுட் பெட்டியாக வளர்ந்தது இப்படித்தான்.

அக்ரிலிக் வெட்ட தாராவிக்குப் போனேன். 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில், திருநெல்வேலிக்காரர் ஒருவர் சின்ன மெஷின் வைத்திருந்தார். அளவைக் கேட்டுவிட்டு, "என்ன கடை சார் போடுதிய?" என்றார். ஆண்டாள் என்றதும் மெஷினை நிறுத்திவிட்டு ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தாமே தேய்த்தார். "பிள்ளைய தூக்குவாவ, கையக் கிழிச்சிரக் கூடாதுல்லா." வெட்டுக்கூலி மட்டும்தான் வாங்கிக்கொண்டார்.

படம் அடிக்கிற கடையில் அவ்வளவு பக்தி இல்லை. "போன் நம்பர் மேலயா, கீழயா?" என்று கேட்டார்கள். முதல் பிரதி வெளுத்துப் போயிருந்தது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் நிறம் கரைந்துவிடும், மையை அழுத்தி அடிக்க வேண்டும். இதே வித்தையில்தான் கோடக் கம்பெனி நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனில் 1950 முதல் 1990 வரை, 18 அடி உயரம் 60 அடி அகலத்துக்குப் பின்னொளிப் படங்களை மாற்றி மாற்றி வைத்து ஊரையே அண்ணாந்து பார்க்க வைத்தது. அவர்களுக்கு வசதி, சுவரில் கரண்ட் இருந்தது. என் ஆண்டாள் நடந்து போகிறவள்.

ஆகவே பேட்டரி. லாமிங்டன் ரோட்டுக்குக் கிளம்பினேன்: வாஷியிலிருந்து குர்லா, குர்லாவிலிருந்து தாதர், அங்கே மாறி கிராண்ட் ரோடு. முதல் நடையில் வாங்கி வந்தது யு.பி.எஸ்.ஸில் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி. எடை இரண்டு கிலோவுக்கு மேல். அதை வைத்துத்தான் டாக்டர் விசாரணை வரை ஓட்டினேன். அந்த விசாரணைக்குக் காரணம் ஸ்ட்ரிப்பின் நிறம். நான் வாங்கியது 6500 கெல்வின் வெள்ளை, அதில் மஞ்சள் பட்டு நீலம் பாரித்து, ஆண்டாளே ஐ.சி.யூ.வில் இருப்பவள் மாதிரி இருந்தாள். அடுத்த நடையில் 3000 கெல்வின் வாங்கினேன். கிட்டத்தட்ட நெய் விளக்கு நிறம்.

தோள் வலி தாங்காமல் பேட்டரியையும் மாற்றி, 5 வோல்ட் ஸ்ட்ரிப், பவர் பேங்க் என்று இறங்கினேன். ஸ்ட்ரிப் முழு வெளிச்சத்தில் குடிப்பது அரை ஆம்பியர். பவர் பேங்கின் மேல் 10,000 என்று போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது 6,000 சொச்சம் தேறினால் அதிர்ஷ்டம். மும்பையில் ஃப்ளாட் வாங்கியவனுக்கு இதை விளக்க வேண்டாம். சூப்பர் பில்ட்-அப் வேறு, கார்ப்பெட் ஏரியா வேறு.

பெட்டியை மூடுமுன் மனைவியிடம் கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டேன். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி., மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அந்த நீலத்துக்காக 2014-இல் ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு இயற்பியல் நோபல். லித்தியம் அயான் பேட்டரிக்கு 2019-இல் வேதியியல் நோபல், வாங்கிய மூவரில் ஜான் குடினஃபுக்கு அப்போது வயது 97. "ரெண்டு நோபல் ப்ரைஸ் இருக்கு இந்தப் பெட்டிக்குள்ள."

"ஒரு ஸ்க்ரூ வெளில இருக்கே, அது எதுக்கு?" என்றாள்.

மார்கழி பத்தாம் நாள் புதுப் பெட்டி வெளியே வந்தது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் விடிகாலை இருட்டில் அரை ஆம்பியர் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. டிம்மரைத் திருகிக் குறைத்தேன். ஆஹா என்றார்கள். அரை நிமிஷத்தில் அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அரை நிமிஷம். பாதிப் பாசுரத்தில் ஆண்டாள் மறைவதும் தோன்றுவதுமாக இருக்க, கோஷ்டித் தலைவர் மாமா, "டேய், இது என்ன சபாவா, திரை போட்டுத் திரை எடுக்கறே?" என்றார்.

வயர், சாலிடர், எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்த பிறகு தெரிந்த காரணம் இது: பவர் பேங்க் போனுக்காகச் செய்தது. இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைந்தால், போன் நிரம்பிவிட்டது, இனி யாரும் இல்லை என்று தானே தூங்கிவிடும். எங்கள் சொசைட்டி வாட்ச்மேனும் அதே கொள்கைக்காரர்.

இதற்கு முறையான வைத்தியம், சும்மா கரண்டைக் குடிக்க ஒரு ரெசிஸ்டரைச் சேர்ப்பது. மறுபடி கிராண்ட் ரோடு போக வேண்டுமே என்ற அலுப்பில் குறுக்கு வழி கண்டுபிடித்தேன். பவர் பேங்கில் இரண்டாவது துளை இருந்ததே! அதில் யாருடைய போனையாவது சொருகி வைத்தால் அது விழித்துக்கொண்டே இருக்கும். செய்தி பரவியது. மறுநாளே மாமிகளுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள்: திங்கள் ஒருவர் போன், செவ்வாய் இன்னொருவர் போன். சார்ஜ் இல்லாத போனோடு நாலே முக்காலுக்கே ஆஜர். வருகைப்பதிவு இவ்வளவு நன்றாக இருந்த மார்கழி இதற்கு முன் இல்லை.

27-ஆம் நாள், கூடாரவல்லி. அக்காரவடிசல் உண்டு என்பதால் நல்ல கூட்டம். அன்றைய முறைக்காரரான மாமி, பண்டிகையும் அதுவுமாகப் போனை ராத்திரியே முழுக்க சார்ஜ் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அது எனக்குத் தெரியாது. சொருகினேன், கிளம்பினோம், முதல் திருப்பத்திலேயே பெட்டி இருண்டது.

மாமி பதறவில்லை. போனைப் பிடுங்கினார், டார்ச்சைப் போட்டார், பெட்டியின் பின்கதவைத் திறந்து அக்ரிலிக்கோடு ஒட்டிப் பிடித்தார். நான்கு அங்குல ஆழம், வெள்ளைப் பூச்சு, எதற்கும் வேலையில்லை. படம் முழுக்க இருட்டு, ஆண்டாளின் இடது கைக் கிளி மட்டும் பச்சைப் பசேலென்று எரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கிளியை தினமும் இலைகளால் புதிதாகக் கட்டி, மாதுளம்பூவில் மூக்கு வைப்பார்கள். இங்கே அதற்கு ஒரு போன் கிடைத்தது.

கோஷ்டியில் வந்த குழந்தைகள் எல்லாம் முன்னால் ஓடிவந்துவிட்டன. மறுநாள் ஸ்ட்ரிப் முழுசாக எரிய, ஆண்டாள் தலை முதல் கால் வரை சேவை சாதித்தாள். பெரியவர்களுக்குப் பரம திருப்தி. ஐந்து வயசுப் பொண்ணு ஒன்று மட்டும் என் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"மாமா, கிளி லைட் போடலியா?"