அச்சுத்தலை அடைப்பும் மெயின் சுவிட்சும்: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை, பள்ளி அலுவலகம் ஆகிய மூவிடத்தும் வழங்கிவரும் வாய்மொழி வழக்காறுகளுள் இன்னும் ஏடேறாதது, இங்க்ஜெட் போட்டோ பிரிண்டரின் ஹெட் அடைப்பை எடுக்கும் வித்தை. ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் தொகுப்பு வந்துவிட்டது. ஒப்பாரிக்குக் காரணமாகும் இப்பொருளுக்கு வரவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். (ஆய்வுக் கட்டுரை எதுவாயினும் ஒரு வெற்றிடத்தை நிரப்பவே எழுதப்படுகிறது. இத்தனை பேர் நிரப்பியும் வெற்றிடம் குறையாதிருப்பது தனி ஆய்வுக்குரியது.)

ஆய்வு எல்லை: டேங்கில் மை ஊற்றிக்கொள்ளும் ஆறு கலர் போட்டோ பிரிண்டர். லேசர் பிரிண்டரில் மையே இல்லை, தூள்தான், எனவே விலக்கு. டாட் மேட்ரிக்ஸ் அடைத்துக்கொள்வதில்லை, கத்துவதோடு சரி, அதுவும் விலக்கு.

கருதுகோள்: ஹெட் அடைப்புக்குப் பல நேரங்களில் ஹெட் பொறுப்பன்று. உண்மைக் குற்றவாளி வேறிடத்தில், ரப்பர் விளிம்போடு, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு உடந்தையானவர் கடையைச் சாத்துகிறார்.

இயல் 1: முன்னோர்

தாளைத் தொடாமல் அதன்மேல் மையைத் தெறிக்கச் செய்தவர், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன். கடலடித் தந்திச் செய்திகளைப் பதிய அவர் 1867இல் உருவாக்கிய சைஃபன் ரெக்கார்டரில், மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே வந்த மை மின்னேற்றம் பெற்று, ஓடும் நாடாவின்மேல் தெறித்தது. அதன்பின் நூறாண்டுக் காலத்தை இக்கட்டுரை தாண்டிச் செல்கிறது. 1977இல் கேனன் ஆய்வுக்கூடத்தில் இச்சிரோ எண்டோவின் கண்ணெதிரே, மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் பட்டு மை பீய்ச்சியதாம்; அந்நிறுவனம் சொல்லும் கதை இது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஹெச்பி நிறுவனத்தின் ஜான் வாட், சூட்டில் நீர் மேலே பொங்கியெழும் காபி பெர்க்கொலேட்டரை நினைத்துக்கொண்டு அதே முடிவுக்கு வந்தார். மையைச் சட்டென்று சுட வைத்தால் குமிழி உண்டாகும். குமிழி மையைத் தள்ளும். அவர் கும்பகோணத்தில் பிறந்து பித்தளை ஃபில்டரைப் பார்த்து வளர்ந்திருந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும் பிரிண்டர்தான் நமக்குக் கிடைத்திருக்கும்.

1984இல் வந்த ஹெச்பி திங்க்ஜெட்டில் 12 துளை கொண்ட தலை, மைக்கூட்டோடு ஒட்டியே இருந்தது. மை தீர்ந்தால் தலையையும் சேர்த்து எறிய வேண்டியதுதான். அடைப்புக்கு இதைவிட முழுமையான வைத்தியம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. எப்சன் வேறு வழியில் போயிற்று. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டதைத் தலைகீழாக்கி, சூடின்றி, மின்சாரம் பட்டால் நெளியும் தகட்டால் மையைத் தள்ளும் தலையை 1993இல் ஸ்டைலஸ் 800இல் வைத்தது. இந்தத் தலை பிரிண்டரோடு நிலையாக இருப்பது. தலை நிலைத்ததால் தலைவலியும் நிலைத்தது.

இயல் 2: உடற்கூறு

தமிழகத்து ஸ்டுடியோக்களில் பரவலாகப் புழங்கிய எப்சன் எல்805ஐச் சான்றாகக் கொள்வோம். கலருக்கு 90 துளை வீதம் ஆறு கலருக்கு 540. மிகச் சிறிய துளி 1.5 பிகோலிட்டர். 70 மில்லி பாட்டில் ஒன்றை அந்த அளவில் துளியாக்கினால் 4,600 கோடிக்கு மேல் வரும். எண்ணிச் சரிபார்க்க ஆய்வு உதவித்தொகை கேட்டிருக்கிறோம். துளையின் விட்டம் தலைமுடியின் தடிமனில் பாதிகூடத் தேறாது.

மையில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு சாயம், சீக்கிரம் காயாதிருக்கக் கிளிசரின் போன்ற சரக்கு. துளை வாயில் நிற்கும் மையிலிருந்து தண்ணீர் ஆவியாக, மிச்சம் கெட்டிப்பட்டு, கடைசியில் ஏடு படிகிறது. கரைந்த சாயமாகிய டை இங்க் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மீண்டும் இளகும். நுண்துகள் மிதக்கும் பிக்மெண்ட் இங்க் அவ்வளவு எளிதில் மனம் இளகாது. இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து ஊற்றும் சிக்கன மரபும் நாட்டில் உண்டு. அது திரிந்துபோகும் வாய்ப்புண்டு. அதன் பிறகு நடப்பது ஆய்வு அன்று, அடக்கம்.

இயல் 3: நோய்க்குறி

அடைப்பை முதலில் அறிவது கடைக்காரர் அல்லர், படத்துக்கு உட்கார்ந்தவர். மெஜந்தா நின்றுபோனால் அவர் மரகத மேனியாக, மதுரை மீனாட்சியின் நிறத்தில் வெளிவருவார். மெஜந்தாவோடு மஞ்சளும் நின்றால் ராமாவதாரம். சயான் நின்றால் செந்தூரம் பூசிய ஆஞ்சநேயர். லைட் மெஜந்தா மட்டும் நின்றால் நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் பச்சை பாயும். இது அம்சாவதாரம் எனலாம். மஞ்சள் மட்டும் நின்றால் முகம் ஒருவித ரோஜா ஊதாவாகும். இதற்குப் பொருத்தமான தெய்வத்தைத் தேடிவருகிறோம். தேர்வு விண்ணப்பத்தில் ஒட்ட இவற்றுள் எதுவும் உதவாது.

அடுத்து, துளைகளைச் சோதிக்கப் பிரிண்டரே அச்சிட்டுத் தரும் நாசில் செக். படிக்கட்டுப் படிக்கட்டாகக் கோடுகள் விழும். விடுபட்ட இடம் பேசாத துளை. இங்கே இரண்டு நுட்பங்களைக் கள ஆய்வு தருகிறது. ஒன்று, மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. அதனால் மஞ்சள் அடைத்துக்கொண்ட பிரிண்டர்களுக்கு மற்ற கலர்களைக் குற்றஞ்சாட்டி வைத்தியம் நடக்கிறது. மொபைல் திரை முழுக்க நீல நிறம் வரச் செய்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் தாளைப் பிடியுங்கள். மஞ்சள் கோடுகள் கறுத்துத் தெரியும்.

இரண்டாவது நுட்பத்தை நம் மரபினர் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. ஒரே ஒரு நாசில் செக்கைப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. இரண்டு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இடைவெளிகள் இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் அங்கே மை காய்ந்திருக்கிறது. இடம் மாறி மாறி வந்தால் அது அடைப்பே அன்று. உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது மை சரியாக இழுபடவில்லை. படிகத்தகடு எவ்வளவு நெளிந்தாலும் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி அமுங்கிக் கொடுத்துவிடும். துளி வெளியே வராது. இல்லாத அடைப்பை எடுக்கக் கரைப்பான் ஊற்றுவோர் தொகை, இருக்கும் அடைப்பை எடுப்போர் தொகையைவிடக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

இயல் 4: வைத்திய மரபுகள்

முதலாவது பட்டன் மரபு. ஹெட் கிளீனிங்கை அழுத்து. போகவில்லையா, மறுபடியும் அழுத்து. பெரும்பான்மையோர் இம்மரபினர். அந்தப் பட்டனை அழுத்தினால் பிரிண்டர் ஹெட்டைக் கழுவுவதாக இவர்கள் நம்புகிறார்கள். கழுவுவதற்குத் தனியாக ஒரு திரவமும் அதற்குள் இல்லை. கீழே இருக்கும் பம்ப், டேங்கிலுள்ள மையையே துளை வழியாக உறிஞ்சி, ஒரு ரப்பர் கத்தியால் முகத்தைத் துடைத்து, உறிஞ்சியதை அடியிலுள்ள பஞ்சுப் பட்டைக்கு அனுப்புகிறது. அதாவது காசு கொடுத்து வாங்கிய மையே மருந்து. மருந்து போய்ச்சேருமிடம் சாக்கடை. இதைப் பிரிண்டர் கணக்கு வைக்கிறது. பஞ்சு நிறைந்துவிட்டது என்று ஒரு நாள் அறிவித்து வேலைநிறுத்தம் செய்கிறது. அப்போது ரீசெட்டர் மென்பொருளோடு ஒருவர் வந்து கணக்கைச் சுழியமாக்கித் தருவார். கணக்குதான் சுழியம், பஞ்சு அப்படியே இருக்கும். சில மாதத்தில் மேசை விரிப்பில் கருநீல ஏரி ஒன்று தோன்றும்.

சில தடவை செய்தும் சரியாகாவிட்டால் பிரிண்டரை அணைத்துப் பல மணி நேரம் சும்மா விடுங்கள் என்று கம்பெனி கொடுக்கும் கையேடே சொல்கிறது. உள்ளிருக்கும் காற்று அடங்கவும், காய்ந்தது ஊறவும் அந்த அவகாசம். சும்மா இருத்தலைப் பெரும் பேறாகப் போற்றிய சைவ மரபில் வந்தவர்களுக்கு இந்தப் பக்கம் எளிதில் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் வாசலில் வாடிக்கையாளர் நிற்கிறார்.

இரண்டாவது நீர் மரபு. இதில் பாடபேதங்கள் மிகுதி. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி வாட்டரே மூலபாடம் என்பர் ஒரு சாரார். உப்பில்லாத தண்ணீர் என்ற வகையில் இது ஏற்கத்தக்கது. ஆர்ஓ தண்ணீர் போதும் என்பது இடைச்செருகல். வெந்நீர் என்ற பாடம் உரையாசிரியர்களால் ‘வெதுவெதுப்பு’ என்று திருத்தப்பட்டு, கழற்றி எடுக்கக்கூடிய ஹெட்டுகளுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளப்படுகிறது. கொதிநீர் உள்ளிருக்கும் பசையைப் பெயர்த்துவிடும். ஸ்பிரிட் என்போர் துணிச்சல்காரர்கள். சில பிக்மெண்ட் மைகள் ஸ்பிரிட் பட்டால் கரைவதற்குப் பதில் திரண்டுவிடும். கண்ணாடி துடைக்கும் நீல நீர்மத்தைப் பரிந்துரைப்போரும் உளர். அமோனியா காய்ந்த மையை இளக்கும் என்பது மெய்தான். ஆனால் அந்தப் பாட்டிலில் நிறமும் வாசனையும் ஏற்றியிருப்பது ஜன்னலுக்காக.

நீர் மரபின் செயல்முறை அழகானது. ஹெட்டை நடுவுக்கு வரவைத்து மின்சாரத்தைப் பிடுங்குக. நூல் பிரியாத துணி அல்லது டிஷ்யூ தாளைப் பட்டையாக மடித்து, பேட்டரி வாட்டரில் நனைத்து, ஹெட் போகும் பாதையில் வைத்து, ஹெட்டைக் கையால் மெல்ல அதன்மேல் நகர்த்திச் சில மணி நேரம் ஊற விடுக. துணியை எடுத்த பிறகே பிளக்கைச் செருகுக. கடைசி வாக்கியத்தை மறந்தவர்களின் துணிகள் இன்றும் கியர்களைச் சுற்றிக் கிடக்கின்றன. தேய்க்கவும் கூடாது: துளைத் தகட்டின்மேல் மை ஒட்டாதிருக்க ஒரு பூச்சு உண்டு, தேய்த்தால் அது போய்விடும்.

மூன்றாவது சிரிஞ்ச் மரபு. மை உள்ளே நுழையும் குழாய்வாயில் மெல்லிய டியூபை மாட்டி, திரவத்தைப் பீய்ச்சுவது. கைதேர்ந்தவர் விரலில் இது மருந்து. கட்டைவிரலில் உடம்பின் பலம் முழுதையும் ஏற்றுபவரிடம், உள் ஒட்டுகள் விட்டுப்போய் ஆறு கலரும் ஒன்றோடொன்று சம்பந்தம் செய்துகொள்ளும். மேலே தட்டையாக ஒரு ரிப்பன் கேபிள் வருகிறதே, அதில் ஒரு சொட்டு ஈரம் இருக்கும்போதே மின்சாரம் கொடுத்தால் ஹெட்டோடு போர்டும் சேர்ந்து போகும். அடைப்பால் செத்த ஹெட்டும் அவசரத்தால் செத்த ஹெட்டும் பழைய இரும்புக் கடையில் ஒரே விலைக்குத்தான் போகும்.

இயல் 5: கருதுகோள் நிறுவப்படுதல்

வேலை இல்லாதபோது ஹெட் வலது மூலையில் போய் உட்காரும். அங்கே ஒரு சிறு தொட்டி, சுற்றிலும் ரப்பர் விளிம்பு, உள்ளே பஞ்சு. மெக்கானிக்குகள் இதைக் கேப்பிங் என்பர். இதற்கு இரண்டு வேலை. சும்மா இருக்கும்போது ஹெட்டை மூடி, மை காயாமல் காப்பது. கிளீனிங்கின்போது காற்று புகாமல் கவ்வி, பம்ப் மையை உறிஞ்ச வழிசெய்வது. விளிம்பில் ஒரு முடியோ தூசியோ காய்ந்த மையின் மேடோ இருந்தால் இரண்டும் கெடும். இரவில் மை காயும். காலையில் கிளீனிங் போட்டால் பம்ப் மையை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கும். ஹெட்டுக்கு ஒன்றுமில்லாமலே எல்லாக் கோடுகளும் பல்லிளிக்கும். கடைக்காரர் ஹெட் போச்சு என்பார். ஹெட்டின் விலையைக் கேட்டால் புதுப் பிரிண்டரே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பிரிண்டரை நிறுத்தி ஹெட்டை நகர்த்தி, கேப்பிங் தொட்டியில் சில சொட்டுப் பேட்டரி வாட்டர் விடுங்கள். ஒரு கிளீனிங் போடுங்கள். பிறகு பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் பம்போ அதன் டியூபோ இழுக்கவில்லை, ஹெட்டை விட்டுவிடுங்கள். தண்ணீர் போயும் கோடுகள் விழவில்லையென்றால் விளிம்பை ஈரமாக்கிய காது குடையும் பஞ்சால் சுற்றிலும் துடையுங்கள். வரும் அழுக்கின் அளவு ஆய்வாளரைத் திகைக்கச் செய்யும்.

உடந்தையாளர் யாரென்று இனிச் சொல்லலாம். நம் ஊரில் கடை சாத்தும் சடங்கு ஒன்று உண்டு. சாமி படத்து விளக்கைத் தவிர எல்லாவற்றையும் மெயினில் அணைத்து ஷட்டரை இழுப்பது. பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தினால், ஹெட் தன் மூலைக்குப் போய் மூடிக்கொண்ட பிறகே விளக்கு அணையும். மெயினில் அணைத்தால் ஹெட் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும். சும்மா இருந்த பிரிண்டரில் அது பெரும்பாலும் மூலையில்தான் இருக்கும் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கடைசிப் படம் வெளிவந்த கையோடு மெயினைத் தட்டுகிறோமே, அந்த இரவுகளிலும், அச்சுப் போகும்போது வரும் மின்வெட்டிலும் ஹெட் வாயைத் திறந்துகொண்டு விடியும்வரை நிற்கிறது. ஃபேன் காற்றோ ஏசி வறட்சியோ இருந்தால் இன்னும் விசேஷம். பள்ளி அலுவலகத்தில் ஏப்ரல் கடைசியில் இப்படி அணைத்த பிரிண்டரைச் சேர்க்கை விண்ணப்பத்துக்காக ஜூனில் போடும்போது கேட்கும் சொற்கள் இக்கட்டுரையில் பதிவு செய்யத் தக்கவை அல்ல.

எனவே ஹெட் மாற்ற விலை விசாரித்துக்கொண்டிருக்கும் வாசகர், பணத்தை எடுக்கும் முன் கேப்பிங் விளிம்பை ஒருமுறை துடைத்துப் பார்க்கவும். வாரம் ஒரு முறையாவது ஆறு கலரும் வரும் படம் ஒன்றை, குழந்தை படமோ கோயில் கோபுரமோ, சின்ன அளவில் எடுத்துவிடவும். அதற்குச் செலவாகும் மை ஒரு ஹெட் கிளீனிங்குக்கு ஆவதைவிடக் குறைவு. இரவில் முதலில் பிரிண்டர் பட்டனை அழுத்தி, விளக்கு அணையும்வரை நின்று, அதன் பிறகு மெயினுக்குப் போகவும்.