138 டாலர் நடிகனுக்குக் கிழவன் சொன்ன புத்தி

வா பேராண்டி, இப்படி ஒக்காரு. கம்யூனிட்டி காலேஜ்ல நடிப்புக்கு அடிப்படைன்னு ஒரு பாடம், அதுல பேரு குடுத்திருக்கியாம்ல. எப்படித் தெரியும்னு முழிக்காத. ரசீதைப் பிரிண்டர்லயே விட்டுட்டுப் போனா? உங்கப்பன் கையில சிக்குறதுக்குள்ள நான்தான் எடுத்து மடியில வெச்சேன். யூனிட்டுக்கு 46 டாலர், மூணு யூனிட்டு, ஆக 138. இந்தக் கலிபோர்னியாவுல பல்லு ஒண்ணைப் புடுங்கப் போனாலே இதைவிடக் கூடக் கேப்பாக. வெலை ஒண்ணும் மோசமில்ல.

எடமும் சரியான எடந்தான். 18 வயசு ஆயிருந்தாப் போதும், மார்க்கு என்ன, குலம் கோத்திரம் என்னன்னு கேக்க மாட்டாக. 1901-ல இல்லினாய்ஸ்ல ஜோலியட்னு ஒரு ஊருல பொதுப் பணத்துல ஆரம்பிச்ச சமாச்சாரம் இந்தக் கம்யூனிட்டி காலேஜு. உங்கப்பன் காதுல விழுந்தா "பெர்க்லி எங்க, இது எங்க"ன்னு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காம அலைவான். அவன்கிட்ட டாம் ஹாங்க்ஸ் கதையைச் சொல்லு. ஓக்லண்ட்ல பள்ளிக்கூடம் முடிச்சப்ப அவரு வாங்குன மார்க்கு வெளிய சொல்ற மாதிரி இல்ல. அதை மூணு எடத்துக்கு அனுப்பி வெச்சாரு. எம்.ஐ.டி., வில்லனோவா, அப்பறம் இந்த ஹேவர்டுல இருக்கே, ஷபோ காலேஜ். மொத ரெண்டும் சேத்துக்காதுன்னு அவருக்கே தெரியும், சும்மா கெத்துக்கு அனுப்புனது. ஷபோ யாரு வந்தாலும் வான்னு சொல்ற எடம். ரெண்டு வருசம் அங்கதான் நாடகம் படிக்கிறதும் பாக்கிறதுமாக் கெடந்தாரு. தனக்கு வந்ததெல்லாம் அங்கேருந்துதான்னு 2015-ல அவரே பேப்பர்ல எழுதுனாரு.

உன் நோக்கம் அம்புட்டு ஒசத்தி இல்லைன்னு எனக்குத் தெரியும். ஈசியா மார்க்கு வரும்னுதான சேந்த? வெக்கப்படாத. டஸ்டின் ஹாஃப்மன் சேந்ததும் அதுக்குத்தான். சாண்டா மோனிகா சிட்டி காலேஜ்ல எல்லாப் பாடத்துலயும் கவுந்துகிட்டிருந்தாரு. "நடிப்பு வகுப்புல சேரு, அதுல யாரையும் பெயிலாக்க மாட்டாக"ன்னு ஒரு சிநேகிதப் பய சொல்ல, போய்ச் சேந்துட்டாரு. அதனால கூச்சப்படாமப் போ. போறது போற, தேறாம வர்றதுக்கு ரெண்டு வழி சொல்லித் தர்றேன், கேட்டுக்க.

மொத நாளு நீ என்ன நெனச்சுப் போவேன்னு எனக்குத் தெரியும். சுத்திப் பல்பு எரியிற கண்ணாடி இருக்கும், மூஞ்சியில ஏதோ பூசுவாகன்னு. ஒரு மண்ணும் இருக்காது. நாலு பக்கமும் கறுப்புத் துணி, நடுவுல வெறுந்தரை. செருப்பைக் கழட்டு, சூயிங் கம்மைத் துப்பு, மல்லாக்கப் படு. படுத்தாச்சா? இப்ப மூச்சை விடு. அம்புட்டுத்தான் மொத நாள் பாடம். 138 டாலர் குடுத்து மூச்சு விடப் போறியேடா! ஊருல இதை ஓசியிலயே விட்டுக்கிட்டிருந்தோம்.

சிரிக்காத. போன வசந்தத்துல நானும் அந்தத் தரையில படுத்து எந்திரிச்சவன்தான். ஆமாடா, நான்தான். கிரீன் கார்டு இருக்கு, இங்கதான் குடியிருக்கேன், உனக்கு என்ன கட்டணமோ அதேதான் எனக்கும். லைப்ரரிக்குப் போறேன்னு உங்கப்பன்கிட்டச் சொன்னேன். அவனே கார்ல கொண்டாந்து எறக்கி விட்டான். காலேஜுக்குள்ளதான லைப்ரரியும் இருக்கு, பொய்யி இல்ல. நாற்பது வருசத்துத் தபாலாபீசு இங்கிலீஷை வெச்சு ஓட்டிப்புட்டேன்.

மூச்சுக்கு வருவோம். படுத்திருந்த பிள்ளைகளைப் பாத்தேன். கம்ப்யூட்டர் முன்னாடியே வளந்த பயலுக, தோள்பட்டை ரெண்டும் காதுமடலுக்குப் பக்கத்துல மழையில நனைஞ்ச கோழியாட்டம் ஏறிக் கெடக்கு. எறக்குன்னா எறங்க மாட்டேங்குது. அது எறங்காம எந்த வசனமும் உருப்படியா வராதாம். ருசியாவுல ஸ்டானிஸ்லாவ்ஸ்கின்னு ஒருத்தரு, 1898-ல மாஸ்கோவுல நாடகக் கொட்டகை ஆரம்பிச்சவரு, அவரு புஸ்தகத்துல ஒரு வாத்தியாரு வர்றாரு. பியானோவோட ஒரு மூலையைத் தூக்கிப் பிடிடான்னு பையன்கிட்டச் சொல்லிட்டு, அவன் மூச்சுமுட்டத் தூக்கிக்கிட்டிருக்கையில 37-ஐ 9-ஆல பெருக்குன்னு கேப்பாரு. எங்கிட்டுப் பெருக்குறது? பெருக்க முடியாதவனால நடிக்கவும் முடியாதுன்னு அதுலயே புரிஞ்சு போகும். உனக்கு என் புத்தி: தோளை எறக்காத. கல்லாட்டம் வெச்சிரு. கேமரா பாத்துக்கிட்டிருக்குன்னே நெனச்சுக்க. சல்லிசாப் பெயிலாகலாம்.

அதே புஸ்தகத்துல எனக்குப் புடிச்சது ஊக்குக் கதை. ஒரு பொண்ணு. அவளுக்குப் படிக்கப் பணமில்ல. சிநேகிதி ஒரு ஊக்கு குடுத்திருக்கா, நகை மாதிரி வெலை போகும், அதை வித்துப் பணம் கட்டிக்கன்னு. அந்த ஊக்கு மேடைத் திரையில எங்கயோ குத்தி இருக்கு, போய்த் தேடுங்கிறாரு வாத்தியாரு. எல்லாம் பாவனைதான். இவ என்ன பண்ணுனா? ஓடுறா, தலையைப் புடிக்கிறா, நெஞ்சுல கை வைக்கிறா, திரையை அள்ளி மூஞ்சியைப் பொதைக்கிறா. எறங்கி வந்து மூச்சு வாங்க, பிரமாதமாப் பண்ணுனோம்னு ஒரே சந்தோசம். வாத்தியாரு கேக்குறாரு, "சரி, ஊக்கு எங்க?" இவளுக்கு அப்பத்தான் ஞாபகமே வருது. மறந்தே போனா! திரும்பப் போய்த் தேடு, கெடைக்கலைன்னா நாளையிலருந்து வகுப்புக்கு வராதங்கிறாரு. இப்ப ஓடல. தலையப் புடிக்கல. திரையை மடிப்பு மடிப்பா விரிச்சு, ஒவ்வொண்ணாத் தடவிப் பாக்குறா. மூஞ்சியில ஒரு பாவமும் இல்ல, ஆனா பாத்துக்கிட்டிருக்கிறவன் எவனும் கண்ணை எடுக்கல.

நீ சேந்திருக்கிற பாடம் பூராவும் இந்த ஊக்குதாண்டா. எந்த வசனத்தை எடுத்தாலும் எங்க வாத்தியாரம்மா கேக்குறது ஒரே கேள்விதான். "உனக்கு என்ன வேணும்?" கோவமா இருக்கேன், சோகமா இருக்கேன்னு சொன்னா ஒத்துக்க மாட்டா. அதெல்லாம் தலையப் புடிச்சுக்கிட்டு ஓடுற கதை. எதிராளிகிட்டருந்து உனக்கு என்ன கெடைக்கணும், எது குறுக்க நிக்குது, அதைத் தாண்ட என்னென்ன பண்ணிப் பாக்குறன்னு பென்சிலால வசனத்து ஓரத்துல எழுதிக்கிட்டு வரணும். ஒரு வழி பலிக்காம அடுத்த வழிக்கு மாறுற எடத்துல ஒரு கோடு போடணும். எனக்கு இது சட்டுனு புரிஞ்சது. போன மாசம் உங்கப்பன்கிட்டக் கார் சாவி கேட்ட பாரு. மொதல்ல கெஞ்சுன. கோடு. பாத்திரம் கழுவி வெச்ச. கோடு. கூட்டாளிக அப்பன்மாரை வரிசையா இழுத்து ஒப்பிட்ட. கோடு. சாப்பிடாமப் படுத்த. கோடு. ராத்திரி பதினோரு மணிக்கு உங்கம்மா வழியா வந்த, சாவி கெடைச்சது. ஒரு எடத்துலயும் நீ நடிச்ச மாதிரியே தெரியல. அதே நீ, போன பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கத்து மேடையில கட்டபொம்மனா நின்னு போட்ட கூச்சல் இருக்கே, பீரங்கி வேணாம், நீயே போதும்னு வெள்ளைக்காரன் ஓடியிருப்பான்.

அடுத்தது கேக்குற பாடம். நியூயார்க்குல மைஸ்னர்னு ஒரு வாத்தியாரு கண்டுபிடிச்சது. ரெண்டு பேரு எதிரெதிரா ஒக்காரணும். "நீலச் சட்டை போட்டிருக்க"ம்பான் ஒருத்தன். "நீலச் சட்டை போட்டிருக்கேன்"ம்பான் மத்தவன். இதையே திருப்பித் திருப்பிச் சொல்லணும். வேற ஒண்ணும் சொல்லப்படாது. வேடிக்கை என்னன்னா, சொல்லு மாறலைன்னாலும் கொஞ்ச நேரத்துல அதுக்குள்ள சிரிப்பு வரும், எரிச்சல் வரும், வெக்கம் வரும். எதிராளி மூஞ்சியில என்ன நடக்குதோ அதுலருந்து நம்ம பேச்சு கெளம்பும். வகுப்புல எல்லாரும் தடுமாறுனாக. எனக்கு ஒண்ணும் சிரமமில்ல. "நான் சொல்றதை நீங்க கேக்கவே மாட்டீக." "நீ சொல்றதை நான் கேக்கவே மாட்டேன்." உங்க அப்பத்தாவும் நானும் காலமெல்லாம் பண்ணுன பயிற்சி.

நம்ம ஸ்பெஷல் நாடகத்துலயும் இதுதான் பொழைப்பு. ராஜபார்ட் ஒரு ஊருலருந்து வருவாரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊருலருந்து வரும். ஒத்திகை கெடையாது. அன்னிக்கு ராத்திரி மேடையிலதான் பாத்துக்குவாக. வள்ளியும் வேலனும் தர்க்கம் பண்ணுறப்ப எதிராளி என்ன சொன்னாகன்னு காதுல வாங்கலைன்னா விடியிறதுக்குள்ள மானம் போயிரும். உனக்கு என் புத்தி: கேக்காத. அவன் பேசுறப்ப நீ அடுத்து என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே இரு. வீட்டுல அப்படித்தான இருக்க, பழக்கம் விட்டுப் போகாது.

மேடைக் கணக்கும் கொஞ்சம் இருக்கு. வலதுன்னா உன் வலது, பாக்குறவன் வலதில்ல. அது ஒரு நாளுல வந்துரும். நாக்குப் பயிற்சியும் உண்டு, இங்கிலீஷ்ல. நாங்கெல்லாம் சின்னதுல தாத்தா தைச்ச சட்டையச் சொல்லிச் சொல்லிப் புரட்டுன நாக்கு, அதனால சமாளிச்சேன். கண்ணாடிப் பயிற்சின்னு ஒண்ணு, ஒருத்தன் அசையிறதை எதிர்ல நிக்கிறவன் அப்படியே அசையணும். இந்த மாதிரி வெளையாட்டையெல்லாம் பாடமாக்குனது வயோலா ஸ்போலின்னு ஒரு அம்மா. சிகாகோவுல பாஷை தெரியாம வந்து எறங்குன குடும்பத்துப் பிள்ளைகளை வெச்சு வெளையாடி வெளையாடிக் கண்டது; 1963-ல புஸ்தகமாப் போட்டுச்சு. பாஷை தெரியாதவனுக்குன்னு வந்ததை வெச்சுத்தான் என்னை மாதிரி ஆளும் பொழைச்சேன்.

இப்ப முக்கியமானது. உனக்கு ஜோடின்னு ஒருத்தரைப் போடுவாக. நீ ஏதோ கனவுல இருப்ப. எனக்கு வாய்ச்சது ராத்திரி பஸ் ஓட்டுற ஒரு அம்மா. வேலைச் சட்டையோடயே வரும், ஒத்திகைக்கு நேரமாகும், வந்தாக் கொட்டாவி விடும். அங்க எல்லாரும் அப்படித்தான். பாதிப் பேருக்கு ரெண்டு வேலை, ஒருத்தன் பட்டாளத்துலருந்து வந்தவன், ஒருத்தி மூணு பிள்ளை பெத்தவ. நேரமாச்சேன்னு மொறைச்சுக்கிட்டு நிக்காம அவுகளைப் பாரு. அந்த அம்மா பேசுறப்பல்லாம் கண்ணு சட்டுனு நெத்திக்கு மேல போய்ட்டு வரும். எதுக்குன்னு பல நாளாப் புரியல. அப்பறம் பிடிபட்டது, பஸ்ல அந்த எடத்துலதான் பின்னாடி ஆளைப் பாக்குற கண்ணாடி இருக்கும். நாங்க பண்ணுன காட்சியில அந்த அம்மா கோவிச்சுக்கிட்டுப் போற மகளைக் கூப்பிடாம, அந்த எடத்தை மட்டும் ஒரு தடவை நிமிந்து பாத்துச்சு. வாத்தியாரம்மா எழுதிக்கிட்டிருந்த பேனாவைக் கீழ வெச்சா. ரெண்டாயிரத்து ஐந்நூறு மைல் பறந்து போய் நியூயார்க்கு ஜூலியார்டுல சேந்தாலும் அதைச் சொல்லிக் குடுக்க ஆள் கெடைக்காது. ஆனா அந்த ஜூலியார்டுக்குப் போறதுக்கு முன்னாடி ராபின் வில்லியம்ஸ் மூணு வருசம் கெடந்தது இங்க வடக்க இருக்கிற காலேஜ் ஆஃப் மரின்லதான்.

பெரிய பேருகளைச் சொல்றேன்னு தலைகால் தெரியாம ஆடாத. சேந்தவனெல்லாம் டாம் ஹாங்க்ஸ் ஆகிறதில்ல. ஒங்கூடச் சேந்ததுல பாதி நர்சு வேலைக்குப் போகும், பாதி வீடு விக்கப் போகும். போனாலும் நோயாளிகிட்டப் பேசுறப்பத் தோளை எறக்கிப் பேசும். அதுக்காக யாரையும் இப்பவே தேறாதுன்னு முடிவு கட்டிராத. அப்பறம் பாசடீனாவுல நடிப்புப் படிக்கையில ஹாஃப்மனையும் ஜீன் ஹேக்மனையும்தான் கூடப் படிச்சவுக "உருப்பட வாய்ப்பே இல்லாத ஆளுக"ன்னு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாக. ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு ஆஸ்கர். ஓட்டுப் போட்டவுக பேரு எவனுக்கும் தெரியல.

கடைசி வாரம் காட்சி போடுவீக. உங்கப்பனை மொத வரிசையில கொண்டாந்து ஒக்கார வைக்கிறது என் பொறுப்பு. எப்படின்னு கேக்காத. எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும், குறுக்க நிக்கிறது அவன் கௌரவம், வழி நாலு வெச்சிருக்கேன். மொத வழி, கண்ணு மங்குது, லைப்ரரியில ஏதோ கூட்டமாம், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போடான்னு கேக்குறது. பலிக்கலைன்னா கோடு போட்டு அடுத்தது. அவன் வந்து ஒக்காந்ததுக்கு அப்பறம் நீ மேடையிலருந்து அவனைத் தேடாத, எதிர்ல நிக்கிறவுகளைப் பாரு. இந்தா உன் ரசீது, பத்திரமா வெய்யி. எந்தக் காட்சி குடுத்திருக்காக, எடு பாப்போம். நான் எதிர்ப் பேச்சுப் படிக்கிறேன். அது பொம்பளை வேசமா இருந்தாலும் பரவாயில்ல.