ஒப்புக்கொள்ளுதலும் ஒப்புக்கொடுத்தலும்

தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளியின் ஆசிரியை, ஊதியத்தை அரசிடமிருந்தும் நியமனத்தை நிர்வாகத்திடமிருந்தும் பெறுவதால், இரு தலைமைகளுக்குக் கட்டுப்பட்டவர். அரசு இவரோடு எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தின் வாயிலாகப் பேசும். நிர்வாகமோ தாளாளர் வாயிலாக, அதாவது சபையின் சார்பில் பள்ளியை நடத்தும் குருவானவர் அல்லது துறவியின் வாயிலாகப் பேசும். இரு தலைவர்களுக்கு ஊழியம் செய்வது குறித்து நற்செய்தி தரும் எச்சரிக்கையை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்கும் பொறுப்பும் இவருடையதே என்பது தற்செயல் அன்று.

இவரது பணிச்சுமையை அளக்கும் அலகு ‘சின்ன வேலை’ என்பதாகும். தலைமையாசிரியையான சிஸ்டர் நடைக்கூடத்தில் எதிர்ப்பட்டு, “மிஸ், ஒரு சின்ன வேலைதான்” என்று தொடங்கினால், அது வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுப்பது முதல், பாதுகாவலர் திருவிழாவிற்கு, அதாவது பள்ளியின் பெயருக்குரிய புனிதரின் நாளுக்கு, நாற்பது பிள்ளைகளை வானதூதர் நடனத்திற்குப் பழக்கி இறக்கைகளையும் ஒட்டித் தருவது வரை எதுவாகவும் இருக்கலாம். “சரிங்க சிஸ்டர்” என்ற சொல், மூளை ‘முடியாது’ என்று முடிவெடுப்பதற்கு முன்பே இவரது வாயிலிருந்து வந்துவிடும். இதுவே ஒப்புக்கொள்ளுதல்.

ஒப்புக்கொண்டதைத் தாங்குவதற்குத் திருச்சபை வழங்கியுள்ள வழி ஒப்புக்கொடுத்தல் ஆகும். தனக்கு நேரும் துன்பத்தை இறைவனுக்குக் காணிக்கையாக்குவதை இச்சொல் குறிக்கும். தவக்காலத்தில், அதாவது சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவிற்கு ஆயத்தப்படுத்தும் நாற்பது நாள் நோன்பில், மற்றவர்கள் காப்பியையோ இறைச்சியையோ விட்டுவிடும்போது, அதே பருவத்தில் ஆண்டுத்தேர்வும் நெருங்குவதால், இவர் தூக்கத்தை விட்டுவிடுகிறார். செபமாலையில் ‘அருள் நிறைந்த மரியே’ மன்றாட்டுக்குரிய மணிகள் 53. இவரது வகுப்பில் பிள்ளைகளும் 53 பேர் என்பதால், தாளுக்கு ஒரு மன்றாட்டு என்ற கணக்கில் விடைத்தாள் கட்டு முடியும்போது செபமாலையும் முடிந்துவிடும். ஒரு மாணவன் ஒளிச்சேர்க்கையைப் பற்றி எழுதியதைப் படிக்கையில் மட்டும், மன்றாட்டு இடையில் நின்று, “ஆண்டவரே” என்ற தனிச்செபமாக மாறும்.

புனிதர்களின் வரலாறும் இவருக்குத் துணை நிற்கிறது, ஆனால் அத்துணை முற்றிலும் ஆறுதல் தருவதன்று. பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துக் கற்பிக்காமல் வகுப்பு முழுவதையும் ஒருங்கே அமர்த்திக் கற்பிக்கும் முறையை 17-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் பரவச் செய்த ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், 1950-இல் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். ஐம்பத்து மூன்று பேரை ஒரே அறையில் மேய்ப்பவர், சிக்கலுக்கு வழிவகுத்தவரிடமே உதவி கேட்க வேண்டியிருக்கிறது. இமோலா நகரின் கசியானோ, மரபுவழிச் செய்தியின்படி, தம் சொந்த மாணவர்களாலேயே எழுத்தாணிகளால் குத்திக் கொல்லப்பட்ட ஆசிரியர். ஆகஸ்ட் 13-இல் வரும் அவரது திருநாளன்று, கடைசி வரிசையில் ஜியோமெட்ரி பாக்ஸ் திறக்கும் ஒலி கேட்டாலே இவர் கரும்பலகைக்கு முதுகு காட்டி, வகுப்பைப் பார்த்தபடியே பாடம் நடத்துகிறார்.

பணி மூப்பு ஏறிய பிறகே, ஒப்புக்கொள்ளுதலுக்கும் ஒப்புக்கொடுத்தலுக்கும் அடுத்த, மறைக்கல்வி நூல்களில் இடம்பெறாத மூன்றாம் நிலை இவருக்குப் புலப்படுகிறது. ஓர் ஆண்டு திருவிழா நெருங்கும்போது, வானதூதர்களுக்கான வெள்ளை அட்டைகளைக் கையில் சுமந்தபடி, சூன் மாதம் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியையை நடைக்கூடத்தில் எதிர்கொள்ளும் இவர், சிஸ்டரின் அதே புன்னகையுடன், “ஒரு சின்ன வேலைதான், மிஸ்” என்று தொடங்குகிறார். இதற்கு ஒப்படைத்தல் என்று பெயர்.