பன்னிரண்டே முக்கால் அங்குலம்

என் மனைவி கேட்டது ஒரு பலகை. அடுப்புக்கு இடது பக்கம், கை எட்டும் உயரத்தில், அஞ்சறைப் பெட்டியும் உப்பு ஜாடியும் வைக்க ஒன்றரை அடிப் பலகை. "ரெண்டு ஆணி அடிச்சா முடிஞ்சு போச்சு" என்றாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் சும்மா இருந்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் சமையலறை ஏழடிக்கு ஆறடி. வீட்டைக் கட்டி முடித்து மிஞ்சிய இடத்துக்குச் சமையலறை என்று பெயர் வைத்திருப்பார்கள் போல. உள்ளே இரண்டு பேர் நின்றால், ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் குக்கரைத் தூக்க முடியும். மேடைக்குக் கீழே சிலிண்டர், கிரைண்டர், இட்லிப் பானை, நாங்கள் என்றைக்கோ முறுக்குச் சுடுவோம் என்ற நம்பிக்கையில் ஒரு பெரிய இருப்புச் சட்டி. இதற்கெல்லாம் ஒரு பலகை போதுமா? முழுசாகத் திட்டம் போட வேண்டாமா?

இரவெல்லாம் படித்தேன். 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறை வரைந்தார். அகலம் இரண்டு மீட்டர்கூடக் கிடையாது. அதற்குள் மேடை, அலமாரி, அரிசிக்கும் சர்க்கரைக்கும் தனித்தனியாகப் பெயர் எழுதிய குட்டி அலுமினிய டிராயர்கள் என்று எல்லாவற்றையும் அடக்கிவிட்டார். காலையில் தோசைக்கு நடுவே இதை விளக்கினேன்.

"அந்தம்மா சமைப்பாங்களாமா?"

அதை வரையும்வரை சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நான் அதைச் சொல்லாமல் இன்னொரு தோசை கேட்டேன்.

ஆசாரி வந்தார். காதில் பென்சில், கையில் டேப். சுவரைத் தட்டினார், மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தார், "ரெண்டு நாள் வேலை சார்" என்றார். ஆசாரிகள் சொல்லும் இரண்டு நாள் பஞ்சாங்கத்தில் வராது. எங்கள் வீட்டில் அது பதினோரு நாள் நீடித்தது.

ப்ளைவுட் கடையில் என் கல்வி தொடர்ந்தது. எட்டுக்கு நாலு ஷீட். 303 என்று முத்திரை போட்டது ஒரு ரகம், 710 என்று போட்டது மரைன் ப்ளை. 710-ஐ 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிப்பார்கள், அப்போதும் அடுக்கு பிரியக் கூடாது. "நம்ம அடுப்படியில கப்பலா ஓடப்போகுது?" என்று கேட்டேன். "சிங்க்குக்குக் கீழ வந்து பாருங்க, ஓடுதா இல்லையான்னு தெரியும்" என்றாள் மனைவி. மரைன் ப்ளையே வாங்கினோம்.

சிலிண்டருக்குக் கதவு போட்டார் ஆசாரி. காற்றோட்டத்துக்காக மேலே பூப்போல அழகாகத் துளைகள் போட்டார். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் படரும், அதனால் துளை அடியிலும் வேண்டும் என்றேன். இந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னது சரி. பதினோரு நாளில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும். அடியிலும் துளை போட்டார். இன்றுவரை வாயு எதுவும் வெளியே வரவில்லை. பல்லி மட்டும் உள்ளே போய்வருகிறது.

இனி டிராயருக்கு வருகிறேன். மேடையைத் தாங்கும் இரண்டு கடப்பாக் கல்லுக்கு நடுவே பதினாறரை அங்குல இடம். அதில் சாப்பாட்டுத் தட்டு வைக்க டிராயர். தட்டு ஸ்டாண்டைத் தூக்கிவிட்டால் மேடையில் ஓரடி மிஞ்சும் என்பது என் கணக்கு. கல்லில் ஸ்க்ரூ ஏறாது, எனவே இரண்டு பக்கமும் முக்கால் அங்குல ப்ளை. அதில் சேனல், பக்கத்துக்கு அரை அங்குலம். அதற்குள் டிராயர்ப் பெட்டி, அதன் பக்கப் பலகைகளும் முக்கால் முக்கால். மைக்கா ஒட்டி, கைப்பிடி மாட்டி, விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மூன்று முறை இழுத்துக் காட்டினேன்.

மனைவி தட்டை எடுத்து வந்தாள். கல்யாணத்துக்கு அவள் பெரியப்பா கொடுத்த எவர்சில்வர் தட்டு, விளிம்பில் பெயரும் தேதியும் வெட்டியது. உள்ளே போகவில்லை. சாய்த்தாள், திருப்பினாள். தட்டு வட்டம், எப்படித் திருப்பினாலும் அதே அளவுதான். டேப்பை எடுத்தோம். டிராயரின் உள்ளகலம் பன்னிரண்டரை. தட்டு பன்னிரண்டே முக்கால். நாலு அங்குலத்தை மரமும் இரும்பும் தின்றிருந்தன.

ஆசாரி தலையைச் சொறிந்தார். "பெட்டிக்கு அரை இஞ்சு ப்ளை போட்டிருந்தா தட்டு போயிருக்கும் சார். நீங்கதான் ஸ்ட்ராங்கா இருக்கணும், முக்கால் போடுன்னீங்க."

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிராயரை மாற்ற முடியாது என்பதால் தட்டை மாற்றினோம். பதினோரு அங்குலத்தில் ஆறு புதுத் தட்டு வாங்கினேன். அவை கச்சிதமாக உட்கார்ந்தன. பழைய தட்டுகள் பரணுக்கு ஏறின. போன மாதம் மாமனார் வந்திருந்தார். புதுத் தட்டில் சோறும் இரண்டு கறியும் வைத்ததும் அப்பளத்துக்கு இடமில்லை. ரசம் சட்டை வரைக்கும் வந்தது. "மாப்பிள்ளை, அண்ணன் கொடுத்த தட்டு எங்கே?" என்றார். ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறி இறக்கினேன். அவர் இருந்த ஐந்து நாளும் ஏறினேன்.

அஞ்சறைப் பெட்டி இப்போதும் ஃபிரிட்ஜ் தலையில்தான் இருக்கிறது. பலகை இன்னும் அடிக்கவில்லை.