கடலுக்கடியில் கட்டைவிரலை உயர்த்தாதீர்கள்

தி. நகர் வாசகர்: என் மகன் அந்தமானுக்கு ஸ்கூபா கற்கப் போகிறான். தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் குரல் கொடுக்கிற பிள்ளை. தண்ணீரில் ஒலி இன்னும் வேகமாகப் போகும் என்கிறார்களே, கத்தினால் கேட்காதா?

பதில்: வேகமாகப் போவதுதான் சிக்கலே. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிற ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் போகிறது. ஒரு சத்தம் இடமிருந்து வந்ததா வலமிருந்து வந்ததா என்பதை, அது இரண்டு காதுகளையும் எட்டும் நேர வித்தியாசத்தை வைத்தே மூளை பெரும்பாலும் கணிக்கிறது. அந்த வித்தியாசம் நீருக்குள் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால் சத்தம் கேட்கும், திசை தெரியாது. மேலும் உங்கள் பிள்ளையின் குரல் காற்றில் பிறக்கிறது. காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடும். போதாததற்குப் பற்களுக்கிடையே, மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர் இருக்கும். அதனால் டைவர்கள் ஒலியைக் கவனத்தைத் திருப்ப மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். முதுகிலிருக்கும் டேங்கை உலோகத்தால் தட்டினால் ‘என்னைப் பார்’ என்று பொருள். பார்த்த பிறகு பேசுவது கைதான்.

இதில் நமக்கு ஒரு பழைய பாடமும் உண்டு. மன்னார் வளைகுடாவில் கல்லின் கனத்தில் இறங்கி முத்துக்குளித்தவர்கள், மூச்சு முடியும் நேரத்தில் கயிற்றைச் சுண்டுவார்கள். படகில் கயிறு பிடித்திருப்பவர் உடனே மேலே இழுப்பார். 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. அத்தனை தலைமுறை உயிர்களும் ஒரே ஒரு சைகையை நம்பி இறங்கின. அந்தச் சைகைக்கு ஒரே அர்த்தம்தான், பதிலும் தவறாமல் வந்தது. கடலுக்கடியில் ஒரு சைகைக்கு வலிமை தருபவை இந்த இரண்டும்தான் என்பது என் கட்சி. கீழே வரும் கேள்விகளுக்கும் இதை வைத்தே பதில் சொல்கிறேன்.

மயிலாப்பூர் வாசகி: ‘சரி’ என்பதற்கு உலகமே கட்டைவிரலைக் காட்டும்போது, இவர்கள் மட்டும் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வட்டம் போடுவானேன்? ஒரு தலையாட்டல் போதாதா?

பதில்: தலையாட்டலை முதலில் பார்ப்போம். டிசம்பர் கச்சேரியில் நிரவல் சூடுபிடிக்கும்போது சபையில் பக்கவாட்டில் ஆடும் தலைகளுக்கு ‘ஆகா’ என்று பொருள். அதே ஆட்டத்தை வேறு பல நாடுகளில் ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்வார்கள். படகில் உங்களுக்குத் துணையாகக் கிடைப்பவர் கொரியாக்காரராக இருக்கலாம், கொச்சிக்காரராக இருக்கலாம். நீரோட்டத்தில் தலை தானாகவும் ஆடும். ஆகவே தலை தள்ளுபடி.

கட்டைவிரல் விஷயம் இன்னும் தீவிரமானது. மேலே உயர்த்திய கட்டைவிரலுக்குக் கடலில் ‘மேலே போவோம், டைவ் முடிந்தது’ என்று அர்த்தம். கீழ்நோக்கினால் ‘இறங்குவோம்’. ஏறுவதற்கு இத்தனை தெளிவான சைகையை ஒதுக்கியதற்குக் காரணம், ஏறுவதில்தான் ஆபத்து அதிகம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப் போல இருமடங்கு. அங்கே நுரையீரலை நிரப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால், அந்தக் காற்று இருமடங்காக விரியப் பார்க்கும்; நுரையீரல் கிழியலாம். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் நிதானமாக வெளியேறவும் நேரம் கொடுக்க வேண்டும். அதனால்தான் மெதுவாக ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வரச் சொல்கிறார்கள். அழகான ஆமையைப் பார்த்த மகிழ்ச்சியில் ‘சூப்பர்’ என்று கட்டைவிரலைத் தூக்குங்கள்: உங்கள் துணை, ஏதோ கோளாறு என்று எண்ணி உங்களை மேலே அழைத்துப் போய்விடுவார். அவர் செய்வது சரியே. கட்டைவிரலைப் பார்த்தபின் ‘ஏன்?’ என்று கேட்டு நிற்கக் கூடாது என்பது டைவர்களிடையே உள்ள நல்ல மரபு. முதல் நாள் பழகுபவருக்கும் காரணம் சொல்லாமல் டைவை முடிக்கும் உரிமை உண்டு.

அடையாறு வாசகி: பன்னிரண்டு வருடம் பரதம் கற்ற பெண் நான். நீங்கள் சொல்லும் வட்டம் எங்கள் ஹம்ஸாஸ்யம், கட்டைவிரல் சிகரம், ‘நில்’ என்று காட்டும் உள்ளங்கை பதாகை. ஸ்கூபாவில் எனக்கு நேரடியாக இரண்டாம் வகுப்பில் இடம் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. மூடிய கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் முஷ்டி, அங்கே ‘காற்று குறைந்துவிட்டது’. கை வடிவங்கள் இவ்வளவு ஒத்துப்போவது வியப்பில்லை. மனிதக் கை தூரத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும்படி எடுக்கக்கூடிய வடிவங்கள் சிலவே. மேடையும் கடலும் அவற்றைத் தனித்தனியே கண்டுகொண்டன. ஆனால் அர்த்தம் செய்யும் முறை நேரெதிர். அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கை முத்திரைகளாக 28-ஐச் சொல்கிறது. அதில் பதாகை ஒன்றே மேகம், காடு, இரவு, நதி, குதிரை, காற்று என்று விரிகிறது. சிகரம் மன்மதனாகும், வில்லாகும், தூணாகும். எது இப்போது என்பதைப் பாட்டும் முகபாவமும் சொல்லும். 1936-இல் ருக்மிணி தேவி அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் மேடையில் ஒரே கை பல பொருள் தருவதை ரசிக்கத்தான் நாம் டிக்கெட் வாங்குகிறோம். கடலுக்குள் பாட்டு இல்லை. மாஸ்க்கும் ரெகுலேட்டரும் முகத்தை மறைத்துவிடுகின்றன. அங்கே ஒரு கைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் ஒரு உயிர் போகும்.

ஆனாலும் உங்கள் பயிற்சி வீணாகாது. விரல் விறைப்பாக நிற்பதும், வடிவம் கலங்காமல் இருப்பதும், கை போகும் இடத்துக்குக் கண்ணும் போவதும் கலங்கலான நீரில் பெரிய சொத்து. ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும்: ஒரு முத்திரையிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் அந்த நளினம். டைவர் கையைத் துணையின் கண்ணுக்கு நேராக நீட்டி, பதில் வரும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும்.

பெசன்ட் நகர் வாசகர்: நீலாங்கரைக் கடலுக்கடியில் ஒரு கல்யாணமே நடந்ததாமே? கெட்டிமேளம் சொல்லக்கூட ஆளில்லாமல் எப்படி?

பதில்: நடந்தது, 2021 பிப்ரவரியில், சுமார் 60 அடி ஆழத்தில் மாலை மாற்றித் தாலி கட்டினார்கள். கெட்டிமேளம் இல்லாததில் நஷ்டம் நாகஸ்வர வித்வானுக்குத்தான். சம்மதம் கேட்க நீருக்கடியில் வழி உண்டு. அந்த வட்டச் சைகையே கேள்வி, அதே வட்டமே பதில். ‘நலமா?’ என்று நான் காட்டினால், ‘நலம்’ என்று நீங்கள் திருப்பிக் காட்டியே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொண்டு அருகில் போகச் சொல்கிறது பயிற்சி. கரையில் நாம் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்போம். டைவர்கள் அதை ஒருபோதும் ஏற்பதில்லை.

மந்தைவெளி வாசகர் (பொறியாளர்): நிலாவுக்குப் பேசுகிற காலத்தில் இன்னும் கைஜாடையா? மைக் வைத்த முழுமுக மாஸ்க் வந்துவிட்டதே.

பதில்: வந்துவிட்டது, தொழில்முறை டைவர்களுக்குப் பெரிதும் உதவுகிறது, வரவேற்கிறேன். ஆனால் அது விலை கூடியது, பேட்டரியை நம்புவது, தனிப் பயிற்சி கேட்பது. கடல்நீரில் ரேடியோ அலை சில மீட்டர்களிலேயே அடங்கிவிடுவதால் அதுவும் ஒலியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஒலியோ தரையிலும் நீர்மட்டத்திலும் மோதி எதிரொலித்துக் குழம்பும். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியை 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சோதித்தபோது, ஆழம் குறைந்த அந்த நீரில் குரல்தொடர்பு எதிர்பார்த்த அளவு அமையவில்லை. 6,000 மீட்டருக்குத் திட்டமிடும் விஞ்ஞானிகளுக்கே இந்தச் சோதனை இருக்கும்போது, 12 மீட்டரில் நீந்தும் சுற்றுலாப் பயணி மைக்கைக் கூடுதல் வசதியாக வைத்துக்கொள்ளலாம், கையைக் கைவிட முடியாது.

மயிலாப்பூர் ஆசிரியை: காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். அவர்கள் கடலுக்கடியில் முழுக் கதையே பேசுவார்கள். உங்கள் ‘ஒரு சைகைக்கு ஒரே அர்த்தம்’ வாதம் அங்கே உடைகிறதே?

பதில்: இந்தப் பகுதிக்கு வந்ததில் இதுதான் வலுவான ஆட்சேபம். பாதியை ஒப்புக்கொள்கிறேன். சைகைமொழி முழு இலக்கணம் கொண்ட மொழி. காது கேளாத இரண்டு டைவர்கள் மீனின் பெயர் முதல் மேலே போய் என்ன சாப்பிடலாம் என்பது வரை பேசிக்கொள்ளும்போது, மற்ற நாங்கள்தான் அங்கே ஊமைகள். ஆயினும் அந்த உரையாடலுக்கு இருவருக்கும் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். அதன் இலக்கணத்தில் ஒரு பகுதி முகத்தில் இருக்கிறது. மாஸ்க் அதை மறைக்கிறது. இந்தியச் சைகைமொழியின் ஆங்கில எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு கையும் வேண்டும். டைவரின் ஒரு கையில் டார்ச்சோ கயிறோ இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன் அறிமுகமான ஒருவரிடம் ‘என்னிடம் காற்றே இல்லை’ என்று சொல்ல, கழுத்துக்குக் குறுக்கே கையை வெட்டுவதைப் போன்ற ஒரு பொதுச் சைகை தேவைப்படுகிறது. பொதுச் சைகைகளோடு உங்கள் மாணவர்களின் மொழியையும் டைவிங் பள்ளிகள் கற்றுத்தந்தால் எல்லோருக்கும் லாபம் என்று உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன்.

மீண்டும் தி. நகர் வாசகர்: மகன் மேலே வந்ததும் படகிலிருக்கும் எங்களைப் பார்த்துக் கையசைப்பானா?

பதில்: அசைக்கவே கூடாது என்று இன்றே சொல்லிவையுங்கள். நீர்மட்டத்தில் கையை உயர்த்தி அசைத்தால் ‘காப்பாற்றுங்கள்’ என்று பொருள். படகோட்டி உடனே பாய்ந்து வருவார். நலமாக இருந்தால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வளைத்துப் பெரிய வட்டம் காட்டட்டும், ஒரு கைதான் காலியாக இருந்தால் உச்சந்தலையைத் தொடட்டும். நீங்களும் அதையே திருப்பிக் காட்டுங்கள்.