ஒண்டியாக இருப்பவருக்கு எத்தனை பெயர்?

கேள்வி: ஹெர்மிட், ரெக்லூஸ், லோனர், இன்ட்ரோவர்ட்... எல்லாமே 'தனிமை விரும்பி'தானே? ஒரே ஆளுக்கு எதற்கு இத்தனை சொல்?
(வாசகர், கீழ்பென்னாத்தூர்)

பதில்: கீழ்பென்னாத்தூர்க்காரருக்கு விடை பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று, பின்னாளில் ரமணர் ஆன வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் மதுரையை விட்டுத் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பெரிய கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் கண்மூடி உட்கார்ந்தான். சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். பாதாள லிங்கத்தின் இருட்டுக்குள் இறங்கிவிட்டான். பூச்சிகள் கடித்துத் தொடை புண்ணானதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அன்றைய அவனுக்கு ரெக்லூஸ் பொருந்தும். லத்தீன் வேரில் அதற்கு 'அடைத்து வைத்தல்' என்று பொருள். பக்தி இருந்தாக வேண்டும் என்பதில்லை. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் பிற்காலத்தில் வீட்டை விட்டு வெளியே வருவதே அரிது. வந்தவர்கள் சிலரோடு கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினார்.

ஹெர்மிட்டுக்கு வேர் 'எரேமோஸ்'. கிரேக்கத்தில் பாலை, ஆளில்லா இடம். எகிப்தின் பாலைக்குப் போய்த் தவமிருந்த கிறித்தவத் துறவிகளுக்கு வந்த பெயர் அது. நம் பக்கம் பாலைக்குப் பதில் மலை. 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் இருந்த ரமணரை அப்படிச் சொல்லலாம். ஆனால் 1922க்குப் பின், மலையடிவார ஆசிரமத்தில் அவர் இருந்த கூடம் யார் வந்தாலும் திறந்திருந்தது. அதிகாலையில் அவரே சமையற்கட்டில் காய் நறுக்கினார். அந்த ரமணரை ரெக்லூஸ் என்று எழுதுவது பிழை.

லோனருக்குக் குகையும் வேண்டாம், பூட்டிய கதவும் வேண்டாம். டீக்கடைக்கு வருவார், ஒண்டியா ஓரமாகக் குடித்துவிட்டுப் போவார். ஒண்டிக்கட்டை வேறு: அது குடும்பம் இல்லாத நிலை, அவர் ஊரையே கூட்டி அரட்டை அடிக்கலாம். லோனரில் லேசான சந்தேக வாடையும் உண்டு என்பதால் யார்மீதும் சட்டென ஒட்டிவிடக் கூடாது.

இன்ட்ரோவர்ட் என்பது சுபாவம். 1921இல் வந்த கார்ல் யுங்கின் நூல் இதைப் பரப்பியது. தீபத்தன்று நண்பர்களோடு கிரிவலம் முழுக்கச் சிரித்துப் பேசியவர், மறுநாள் தனியே இருந்தால்தான் தெம்பு வரும் என்பாரே, அவர்.

கேள்வி: அப்படியானால் லோன்லி?

பதில்: மேலே சொன்னவர்கள் எல்லாரும் தாமே தனிமையைத் தேர்ந்தவர்கள், அல்லது அதில் சௌகரியம் காண்பவர்கள். லோன்லி என்பவர் துணைக்கு ஏங்குகிறவர். கூட்டுக்குடும்பத்தின் நடுவிலும் அவர் இருக்கலாம். படிப்பில் மூழ்கிய பிள்ளையை நிம்மதியாக விடுங்கள். வாடிப்போய் ஒதுங்கும் பிள்ளையிடம் இன்றே உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் பேச முடியாதவர்களுக்கு அரசின் டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.